செய்யுள் நாடகக் கலைச்சொற்கள்: புழுதி விதைப்பிலிருந்து பொலி வரை

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ முள்ளியவளையிலோ இருந்து உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளை ஒன்று ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’தையோ சுந்தரம்பிள்ளையின் ‘மனோன்மணீய’த்தையோ கையில் எடுத்தால், கதை விளங்குவதற்கு முதலே கலைச்சொற்கள் வந்து வழியை மறிக்கின்றன. பாத்திரம் தனியாக நின்று பேசுவதை ஒரு குறிப்புக் கொப்பி தனிமொழி என்கிறது. இன்னொன்று தன்னுரை என்கிறது. மூன்றாவது சொலிலொக்கி என்று ஆங்கிலத்தையே தமிழில் எழுதிவிடுகிறது. மூன்றும் ஒன்றா, வேறு வேறா என்று பிள்ளைக்குத் தெரியாது. பாடமாக்கிக்கொண்டு போய்ப் பரீட்சையில் கொட்டிவிட்டு வந்துவிடுகிறது.

இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் வன்னிப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த காரியங்களின் பெயர்கள். வயலிலும் கூத்துக் களரியிலும் பார்த்துப் பழகியதைத்தான் அவை சொல்கின்றன. அதைக் காட்டுவதற்காகவே இந்தக் கட்டுரை. விளக்கத்துக்குப் பெரும்பாலும் ‘மக்பெத்’தையே எடுத்துக்கொள்கிறேன். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் அதுதான் ஆகச் சிறியது, கதையும் நேராக ஓடுகிறது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது

நம் கையில் உள்ள கலைச்சொற்கள் நான்கு வாய்க்காலால் வந்தவை.

1. கிரேக்கம். அரிஸ்டோட்டிலின் ‘கவிதையியல்’ தந்த ஹமார்த்தியா, பெரிபெத்தேயா, அனக்னோரிசிஸ், கதார்சிஸ் போன்றவை. ஆங்கிலத்தின் வழியாக வந்து சேர்ந்தன.

2. ஐரோப்பியத் திறனாய்வு. தொடக்கம், வளர்ச்சி, உச்சம், இறக்கம், முடிவு என்ற ஐந்து படிகள். இவற்றை ஒரு கூம்பு வடிவில் வரைந்து காட்டியவர் குஸ்தாவ் பிரைற்றாக் என்ற ஜேர்மன் எழுத்தாளர், 1863 இல்.

3. தமிழ் உரை மரபு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும். வடமொழி நாடக நூல்களோடு இவற்றுக்கு உறவு உண்டு.

4. கூத்து. கூத்துப் பழக்கும் அண்ணாவியார்மார் ஏட்டிலும் வாயிலும் காத்துவந்த களரி, வரவு, தரு, விருத்தம், பிற்பாட்டு, கட்டியகாரன், மங்களம்.

நான்கையும் ஒரே கொப்பியில் எழுதிவிட்டு, எது எந்த வாய்க்கால் என்று சொல்லாமல் விடுவதால்தான் குழப்பம். ஷேக்ஸ்பியரையும் தமிழ் நாடக இலக்கணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் பெரிய முயற்சி காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் ‘மதங்க சூளாமணி’. 1926 இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. பன்னிரண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களை அவர் அதில் எடுத்துக்காட்டினார். நூறு வருடமாகியும் அந்த வேலையை நாங்கள் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் மனக்குறை.

செய்யுள் நாடகம், அங்கம், களம்

பாத்திரங்களின் பேச்சு முழுவதுமோ பெரும்பகுதியோ யாப்பில் அமைந்திருந்தால் அது செய்யுள் நாடகம். இடையிடையே பாட்டு வரும் உரைநடை நாடகத்தை அப்படிச் சொல்வதில்லை. ‘மனோன்மணீயம்’ (1891) செய்யுள் நாடகம். லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ‘த சீக்ரட் வே’ என்ற கதைப்பாட்டைத் தழுவி, பெரும்பாலும் ஆசிரியப்பாவால் ஆனது. ஐந்து அங்கம், இருபது களம்.

அங்கம் என்பது பெரிய பிரிவு. களம் அதற்குள் வரும் சிறிய பிரிவு. இன்றைய பாடநூல்கள் களத்தைக் காட்சி என்று எழுதுகின்றன, அதுவும் சரிதான். ஆனாலும் எனக்குக் களம் என்ற சொல்லில்தான் விருப்பம். போர் நடப்பதும் களம், சூடடிப்பதும் களம், கூத்தாடும் களரியும் அதே வேரில் வந்த சொல். ஏதோ ஒன்று நடந்து முடிவாகும் இடம் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது.

ஓசை: எதை எண்ணுகிறோம்

ஆங்கிலச் செய்யுள் நாடகத்தின் அடிப்படை ஓசைக்கு அயம்பிக் பென்ரமீற்றர் என்று பெயர். பெயர்தான் நீளம், காரியம் சின்னது. மெதுவாக ஒன்று, அழுத்தி ஒன்று. இப்படி ஐந்து இணை. மத்தளத்தில் சொன்னால்:

த-தோம் த-தோம் த-தோம் த-தோம் த-தோம்

ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தின் முதல் அடி இதற்கு நல்ல சான்று: “இஃப் மியூ-சிக் பீ த ஃபூட் ஒஃப் லவ், ப்ளே ஒன்”. இரண்டிரண்டாகத் தட்டிப் பாருங்கள்: மியூ, பீ, ஃபூட், லவ், ஒன் என்ற ஐந்தும் தோமில் வந்து விழும்.

இங்கே பிள்ளைகள் விடும் பிழை ஒன்று உண்டு. ஆங்கிலச் சிலபிளைத் தமிழ் அசையோடு ஒன்றாக்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ‘மலர்’ தமிழில் ஒரே அசை, நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு சிலபிள். தமிழ் யாப்பு குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைப் பார்க்கிறது. ஆங்கிலம் அழுத்தத்தைப் பார்க்கிறது. ஒப்பிடத்தான் வேண்டும் என்றால், அவர்களுடைய இணையை நம்முடைய சீரோடு ஒப்பிடலாம். அப்போது அவர்களுடையது ஐஞ்சீரடி, ஆசிரியப்பாவின் பொது அடி நாற்சீரடி.

இன்னொரு பிழை மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பிளாங் வேர்ஸ் என்பதை ‘எதுகையற்ற பா’ என்று எழுதுகிறார்கள். எதுகை என்பது அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. ஆங்கிலத்தில் இல்லாமற்போவது அது அல்ல, அடியின் முடிவில் வரும் ஒலியொற்றுமை. அதற்குத் தமிழில் இயைபு என்று பெயர் இருக்கிறது. ஆகவே பிளாங் வேர்ஸ் என்றால் இயைபில்லாப் பா. அந்தச் சொல்லையே எழுதுங்கள்.

இயைபு இல்லாத இடத்தில் திடீரென்று இயைபு வந்தால் அதற்குக் காரணம் இருக்கும். ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் முன்திரை கிடையாது. காட்சி முடிகிறது என்று காதுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. டங்கன் அரசனைக் கொல்லப் போகும் மக்பெத் மணியோசையைக் கேட்டுச் சொல்லும் கடைசி இரண்டு அடியும் ‘நெல்’, ‘ஹெல்’ என்று முடிகின்றன. சாவுமணி, நரகம். இரண்டு சொல்லும் ஒலியால் பிணைந்துகொள்ள, அவன் உள்ளே போகிறான்.

சூனியக்காரிகளின் ஓசை வேறு. “டபிள் டபிள் டொயில் அண்ட் ட்ரபிள்” என்பதைத் தட்டினால் தோம்-த தோம்-த தோம்-த தோம்-த என்று தலைகீழாக வரும். மனிதர் பேசும் ஓசையில் அவர்கள் பேசுவதில்லை. உடுப்பும் ஒப்பனையும் இல்லாமலே காது அவர்களை வேறு இனம் என்று அறிந்துகொள்கிறது.

அடுத்தது, செய்யுள் உடைந்து உரைநடையாகும் இடம். டங்கன் கொலையுண்ட உடனே கதவு தட்டும் சத்தம். குடித்துவிட்டு வரும் வாயிற்காவலன் தன்னை நரகத்தின் வாசல்காரனாக நினைத்துக்கொண்டு புலம்புகிறான். அவன் பேசுவது உரைநடை. சிரிப்பு வரும், ஆனால் அவன் காவல் நிற்கும் வாசல் உண்மையிலேயே நரகமாகிவிட்டது என்பது நமக்குத் தெரியும். ஐந்தாம் அங்கத்தில் லேடி மக்பெத் தூக்கத்தில் நடந்து, கையில் இல்லாத இரத்தக் கறையைக் கழுவுகிறாள். அங்கும் உரைநடைதான். முதல் அங்கத்தில் உறுதியான செய்யுளில் கணவனைத் தூண்டியவள் அவள். அந்த மனம் உடைந்தபோது ஓசையும் உடைந்துவிட்டது.

உரைநடை என்றால் எப்போதும் தாழ்ந்தவர் பேச்சு என்று எழுதிவிடாதீர்கள். ‘ஜூலியஸ் சீசர்’ மூன்றாம் அங்கத்தில் புரூட்டஸ் சீசரைக் கொன்றதற்கு மக்களிடம் உரைநடையில் நியாயம் சொல்கிறான். அவனுக்குப் பின் வரும் அந்தோனி செய்யுளில் பேசிக் கூட்டத்தையே திருப்பிவிடுகிறான்.

கூத்துப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. விருத்தம் தாளக்கட்டு இல்லாமல் நின்று இழுத்துப் பாடப்படும். தரு தொடங்கியதும் மத்தளம் ஏறும், கால் ஆடும். வசனம் வந்தால் கதை ஒரு அடி நகரும். எந்த இடத்தில் விருத்தம், எந்த இடத்தில் தரு என்பதை அண்ணாவியார் சும்மா தீர்மானிப்பதில்லை. ஷேக்ஸ்பியரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: இந்த இடத்தில் ஓசை ஏன் மாறியது?

ஐந்து பருவம்

இதுதான் நான் அதிகம் நின்று பேச விரும்பும் இடம். நாடகக் கதையின் வளர்ச்சியை அடியார்க்குநல்லார் ஐந்து பெயரால் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். சொல்லிவிட்டு, ஒவ்வொன்றையும் நெற்பயிரை வைத்து விளக்குகிறார். உழுது பண்படுத்திய பூழியில் இட்ட வித்து முளைப்பது முகம். இலை விட்டு நாற்றாவது பிரதிமுகம். தனக்குள் பொருள் பொதிந்து கருப்பம் முற்றி நிற்பது கருப்பம். கதிர் திரண்டு காய் தாழ்ந்து முற்றுவது விளைவு. அறுத்து, போரிட்டு, கடாவிட்டு, தூற்றி, பொலியாக்கிக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

பூழி என்று அவர் சொன்னது நம்முடைய புழுதி. மழையை நம்பிக் காய்ந்த நிலத்தில் விதைக்கும் புழுதி விதைப்பை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கருப்பம் என்று அவர் சொன்னதை நாங்கள் குடலை என்கிறோம்.

இனி ‘மக்பெத்’தைப் பாருங்கள். இந்த உவமையை நாங்கள் வெளியிலிருந்து கொண்டுபோய் ஒட்ட வேண்டியதே இல்லை. முதல் அங்கம் மூன்றாம் களத்தில், மக்பெத்தோடு போரிலிருந்து திரும்பும் தளபதி பாங்கோ சூனியக்காரிகளிடம் கேட்கிறான்: காலத்தின் விதைகளுக்குள் பார்த்து எந்த மணி முளைக்கும், எந்த மணி முளைக்காது என்று உங்களால் சொல்ல முடியுமானால் எனக்கும் சொல்லுங்கள். அடுத்த களத்தில் டங்கன் மக்பெத்திடம், உன்னை நான் நடத் தொடங்கிவிட்டேன், நீ நிறைந்து வளர உழைப்பேன் என்கிறான். பாங்கோவையும் அவன் அணைத்துக்கொள்ள, நான் அங்கே வளர்ந்தால் அறுவடை உங்களுடையதே என்று பாங்கோ பதில் சொல்கிறான். நாடகமே வயலின் பேச்சைப் பேசுகிறது.

1. முகம். போரில் வென்று திரும்பும் மக்பெத்தின் மனம் உழுது கிடக்கும் நிலம். அரசனாவாய் என்ற சூனியக்காரிகளின் சொல் அதில் விழுகிறது. அதே இடத்தில் பாங்கோவுக்கும் ஒரு விதை விழுந்தது, உன் சந்ததி அரசாளும் என்று. அவன் மண்ணில் அது வேறு விதமாகக் கிடந்தது. விதை மட்டும் போதாது, நிலமும் வேண்டும் என்பதை இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துத்தான் நாடகம் காட்டுகிறது.

2. பிரதிமுகம். இரண்டாம் அங்கம். எண்ணம் மண்ணுக்கு மேலே தெரிகிறது. டங்கன் கொல்லப்படுகிறான், முடி மக்பெத்துக்குப் போகிறது.

3. கருப்பம். மூன்றாம் அங்கம். பாங்கோவைக் கொல்ல ஆளனுப்புகிறான். பாங்கோ சாகிறான், மகன் ஃபிளியன்ஸ் தப்பிவிடுகிறான். விருந்தில் பாங்கோவின் ஆவி மக்பெத்தின் இருக்கையில் வந்து உட்காருகிறது. அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது.

4. விளைவு. நான்காம் அங்கம். காட்சிகளாகத் தோன்றிய உருவங்கள் அவனுக்குப் பொய்த் தைரியம் கொடுக்கின்றன. அவனுக்கு எதிராகத் திரும்பிய பிரபு மக்டஃபின் மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்படுகிறார்கள். இங்கிலாந்தில் எதிர்ப்படை திரள்கிறது. கதிர் பாரத்தில் சாயத் தொடங்கிவிட்டது.

5. துய்த்தல். ஐந்தாம் அங்கம். விதைத்தவனே அறுக்கிறான். என் வாழ்வு பழுத்த மஞ்சள் இலையாகிவிட்டது என்று தன் வாயாலேயே சொல்கிறான்.

இப்போது ஒரு கேள்வி. கொப்பிகளில் கருப்பம் என்பதற்கு நேரே ‘உச்சம்’ என்று போட்டிருக்கும். பிரைற்றாக்கின் கூம்பிலும் உச்சி நடுவில்தான். ஆனால் இரண்டும் ஒரே பொருளா? எனக்கு அப்படிப் படவில்லை. உச்சி என்பது மலையின் முனை, எல்லாருக்கும் தெரியும் இடம். குடலை அப்படி இல்லை. வரம்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாக நிற்கும், கதிர் ஒன்றும் தெரியாது. தண்டை விரலால் மெல்ல நசுக்கிப் பார்த்தால்தான் உள்ளே உருண்டு திரண்டிருப்பது தெரியும். அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் கதிர் பதராகிவிடும். வெளியே அமைதி, உள்ளே எல்லாம் தீர்மானமாகிக்கொண்டிருக்கும்.

விருந்துக் காட்சியை இந்தக் கண்ணால் பாருங்கள். மேசையில் இருந்த பிரபுக்களுக்கு வெறும் இருக்கைதான் தெரிகிறது. அரசன் எதைப் பார்த்துக் கத்துகிறான் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஃபிளியன்ஸ் தப்பிய செய்தி மக்பெத்துக்கு மட்டும் தெரிந்த இரகசியம். அவனுடைய அழிவு அங்கே உள்ளுக்குள் திரண்டுவிட்டது, கதிர் வெளியே வரவில்லை. ‘உச்சம்’ என்ற சொல் இதைக் காட்டாது. கருப்பம் காட்டும்.

துய்த்தலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உண்டு மகிழ்வது என்று உரை சொல்ல, துன்பியலில் என்ன மகிழ்ச்சி என்று கேட்கலாம். துய்த்தல் என்ற சொல்லுக்கு அனுபவித்தல் என்று பொருள். வினைப்பயனைத் துய்ப்பது என்றும் சொல்கிறோம். மக்பெத் துய்ப்பது தான் விளைவித்ததை.

எல்லா நாடகத்திலும் அங்கத்துக்கு ஒரு பருவம் என்று கத்தரித்தாற்போல் பொருந்தாது. சில நாடகங்களில் முகமே இரண்டாம் அங்கம் வரை ஓடும். பருவத்தைக் கதையில் தேடுங்கள், அங்க எண்ணில் தேடாதீர்கள்.

யாருக்குச் சொல்கிறான்

பேச்சை வகைப்படுத்தும்போது முதலில் கேட்க வேண்டியது, மேடையில் யார் அதைக் கேட்கிறார்கள் என்பதே. உரை மரபு சொல்லை மூன்றாக்குகிறது: உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல்.

1. உட்சொல் நெஞ்சோடு கூறுவது. தனிமொழி (தன்னுரை, சொலிலொக்கி எல்லாம் இதுவே) இதில் அடங்கும். அரசன் என் விருந்தாளி, என் உறவினன், நான் கதவை அடைத்துக் காக்க வேண்டியவன் என்று மக்பெத் தனக்குத்தானே வழக்காடும் பேச்சு. மற்றவர்கள் மேடையில் நிற்க, அவர்களுக்குக் கேளாமல் சொல்லும் சின்ன வார்த்தையும் உட்சொல்தான். அதை ஒதுங்குமொழி என்று பிரித்துச் சொல்லலாம்.

2. புறச்சொல் கேட்பவருக்கு உரைப்பது. அது நீண்டால் நீளுரை. அந்தோனியின் பேச்சு நீளுரை; தனிமொழி அல்ல, ஏனென்றால் முன்னால் ரோம நகரக் கூட்டம் நிற்கிறது.

3. ஆகாயச்சொல் வெறும் வெளியைப் பார்த்துப் பேசுவது. காற்றில் தொங்கும் கத்தியிடம் மக்பெத் பேசும் பேச்சை இதில் சேர்ப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். நெஞ்சோடு அல்ல, இல்லாத ஒன்றோடு பேசுகிறான்.

உட்சொல்லில் பாத்திரம் பொய் சொல்வதில்லை என்பது செய்யுள் நாடகத்தின் பொதுவான உடன்பாடு. ‘மனோன்மணீய’த்தில் அமைச்சன் குடிலன் சீவக மன்னனிடம் பேசும்போது ஒரு குடிலன், தனியே நின்று பேசும்போது இன்னொரு குடிலன். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால் பாத்திரவார்ப்பு பற்றி எழுத வேறு ஒன்றும் தேட வேண்டாம்.

நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது

நாடக முரண் என்பதற்கு ஒரே அளவுகோல்: பார்ப்பவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். வஞ்சப்புகழ்ச்சி வேறு, அங்கே பேசுபவனே சொல்லை மாற்றிப் பேசுகிறான். அங்கதம் அதிலும் வேறு. அது வசை.

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துக்கு உள்ள இடம் தெரிந்ததே. மதுரையை எரித்த கண்ணகி வந்து தங்கிய இடம் வற்றாப்பளை என்பது ஐதிகம். அந்த மண்ணில் கோவலன் கதை தெரியாதவர் இல்லை. அப்படிப்பட்ட சனத்துக்கு நடுவில், கோவலன் சிலம்பை எடுத்துப் பொற்கொல்லன் கையில் கொடுக்கிறான். அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் அந்தத் தட்டான்தான் என்று களரியைச் சுற்றி இருக்கிற குழந்தைக்கும் தெரியும். கோவலன் நல்ல விலை கிடைக்கும் என்று நம்பிச் சிரித்த முகத்தோடு நீட்டுவான். பாயில் இருக்கும் ஒரு கிழவி, “குடுக்காதை ராசா” என்பாள். எத்தனை வருடம் பார்த்தாலும் சொல்வாள். நாடக முரணுக்கு இதைவிட நல்ல வரைவிலக்கணம் எனக்குத் தெரியாது.

டங்கன் மக்பெத்தின் கோட்டை வாசலில் நின்று, இந்த இடம் எவ்வளவு இனிமை, காற்று எவ்வளவு மென்மை என்று புகழ்கிறான். பாங்கோ அங்கே கூடு கட்டியிருக்கும் குருவிகளைக் காட்டி, நல்ல காற்று உள்ள இடத்தில்தான் இவை தங்கும் என்கிறான். உள்ளே கொலைத் திட்டம் தயாராகிவிட்டது என்று நமக்குத் தெரியும். அந்தக் கிழவி அங்கே இருந்திருந்தால் அவனையும் மறித்திருப்பாள்.

ஹமார்த்தியாவும் காட்டிக்கொடுப்பும்

ஹமார்த்தியா என்ற கிரேக்கச் சொல்லின் வேரில் குறி தப்புதல் என்ற பொருள் இருக்கிறது. எய்த அம்பு இலக்கை விட்டு விலகுவது. நாயகன் கெட்டவன் என்பது அல்ல அதன் கருத்து. நடுத்தரமான நல்லவன் ஒருவன் செய்த தவறு அவனை வீழ்த்துகிறது என்பதே.

இங்கே நம் மேடைகளில் பழகிய கதையொன்றை வைத்து வேறுபாட்டைப் பார்க்கலாம். வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803 இல் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றதை கற்சிலைமடுவில் நட்ட கல் சொல்கிறது. மேடை நாடகங்களில் காக்கைவன்னியன் காட்டிக்கொடுப்பவனாக வருவான். நாயகன் முழுக்க நல்லவன், வீழ்ச்சி முழுக்க மற்றவனின் துரோகத்தால் என்று கதை அமைந்தால், அது வீரத்தைப் பாடும் நாடகம். சபையின் கண்ணில் நீர் வரும். ஆனால் அங்கே ஹமார்த்தியா இல்லை. தரக்குறைவு என்று இதைச் சொல்லவில்லை, அந்தச் சொல்லை அங்கே எழுதக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மக்பெத்தின் ஹமார்த்தியா ‘பேராசை’ என்று ஒரு சொல்லில் எழுதி முடிப்பது வழக்கம். போதாது. முதல் அங்கத்தில் அவனே சொல்கிறான்: விதி என்னை அரசனாக்குவதென்றால் நான் அசையாமலே அது முடிசூட்டட்டும். பிறகு அசைகிறான். தானாக நடக்கும் என்று சொன்ன ஒன்றைத் தன் கையால் செய்து முடிக்கப் புறப்பட்டதுதான் குறி தப்பிய இடம்.

மற்ற இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். பெரிபெத்தேயா தலைகீழ் மாற்றம். நன்மைக்கென்று வந்தது தீமையாக முடிவது. அனக்னோரிசிஸ் உண்மையை உணரும் கணம். பெண் பெற்ற எவனாலும் உனக்குத் தீங்கில்லை என்ற வாக்கு மக்பெத்தின் கவசம். தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் நான் என்று மக்டஃப் சொன்னதும் கவசம் கழன்று விழுகிறது. சூனியக்காரிகள் இரட்டைப் பொருளில் பேசி ஏமாற்றிவிட்டார்கள் என்று அவன் அப்போதுதான் உணர்கிறான். மாற்றமும் உணர்வும் ஒரே கணத்தில் வருவதே சிறந்தது என்றார் அரிஸ்டோட்டில்.

‘மனோன்மணீய’த்தில் இந்த இரண்டும் இன்பத்தின் பக்கம் திரும்புகின்றன. குடிலன் காட்டிக்கொடுக்கப் போன சுருங்கை என்ற நிலத்தடி வழியாகவே சேர மன்னன் புருடோத்தமன் திருமண மண்டபத்துக்கு வந்து நிற்கிறான். கனவில் கண்டவனை மனோன்மணி நேரில் கண்டு மாலையிடுகிறாள்.

அச்சம் நான்கு

துன்பியல் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவற்றிலிருந்து மனத்தைத் தெளியவைக்கிறது என்பது கதார்சிஸ். அந்த அச்சம் எப்படிப் பிறக்கிறது என்று எழுதத் தொல்காப்பியம் உதவும். எட்டு மெய்ப்பாட்டில் ஒன்றான அச்சத்துக்கு அது நான்கு நிலைக்களம் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை.

‘மக்பெத்’தில் நான்கும் இருக்கின்றன. அணங்கு, சூனியக்காரிகள். விலங்கு, டங்கன் இறந்த இரவில் கட்டறுத்து ஓடி ஒன்றையொன்று தின்ற குதிரைகள். கள்வர் என்ற சொல்லுக்கு எதிர்ப்படையில் உள்ள ஆங்கஸ் பிரபுவின் பேச்சு: அரச பட்டம் இப்போது மக்பெத்தில், இராட்சதனின் அங்கியைக் குள்ளத் திருடன் போட்டாற்போல் தொங்குகிறது. தம் இறை, குடிமக்கள் தங்கள் அரசனுக்கே அஞ்சும் நான்காம் அங்கம். சூத்திரத்தை ஒப்பிக்காமல் இப்படி நாடகத்தோடு சேர்த்து எழுதினால் அந்த விடையில் உயிர் இருக்கும்.

கடைசிப் பேச்சு

விடை எழுதும்போது பலர் மக்பெத்தின் தலையோடு நாடகத்தை முடித்துவிடுகிறார்கள். நாடகம் அங்கே முடியவில்லை. கூத்திலும் நாயகன் மாண்ட இடத்தில் யாரும் எழும்பிப் போவதில்லை. விடியும் நேரத்தில் மங்களம் பாடி, வாழி சொன்ன பிறகுதான் பாயைச் சுருட்டுவார்கள். ‘மக்பெத்’தில் அந்த வேலையைச் செய்வது டங்கனின் மகன் மால்கம். புதிய அரசனாக நின்று, துணைநின்றவர்களுக்குப் பட்டம் கொடுக்கிறான், ஊரைவிட்டு ஓடியவர்களைத் திரும்ப அழைக்கிறான், எல்லாரையும் ஸ்கோனில் நடக்கும் முடிசூட்டுக்கு வரச்சொல்கிறான். இனிச் செய்ய இருப்பவற்றைப் பற்றி அவன் சொல்லும்போது ஷேக்ஸ்பியர் அவன் வாயில் வைத்த சொல் நடுதல்: காலத்தோடு புதிதாக நடப்பட வேண்டியவை.